துவர்க்கிறது என்றே சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் தெருமுனையில் உள்ள சிறிய உணவகத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஒயின் சுவைத்தலும் இரவு உணவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அவர்களோ ஒரு வாய் பருகிவிட்டு ‘கருஞ்செர்ரி’, ‘பதனிட்ட தோல்’, ‘மழையில் நனைந்த கல்’ என்று அடுக்குகிறார்கள். எனக்கு எல்லாமே புளிப்பாகவும் வாயை இழுப்பதாகவும் இருக்கின்றன. போகலாமா?

பதில்: அவசியம் போங்கள். புளிக்கிறது, வாயை இழுக்கிறது என்று இரண்டு விஷயங்களை உங்கள் நாக்கு சரியாகச் சொல்லிவிட்டது. ஒயினின் எலும்புக்கூடே அந்த இரண்டும்தான்.

புளிப்பு, திராட்சையில் உள்ள டார்டாரிக், மாலிக் அமிலங்களால் வருவது. குளிர்ந்த நிலத்தில் விளைந்த பழத்தில் அது தூக்கலாக நிற்கும். வெயில் நிறையக் கண்ட பழத்தில் அடங்கிவிடும். வாயை இழுப்பதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதைச் சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். பால் சேர்க்காத கடுந்தேநீரிலும் மாதுளம்பழத் தோலிலும் இருக்கும் அதே துவர்ப்புதான் இங்கே திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து இறங்குகிறது. டானின் என்பது அதன் வேதியியல் பெயர். உமிழ்நீரில் உள்ள புரதங்களை அது பற்றிக்கொள்வதால் நாக்கின் வழுவழுப்பு போய் வாய் வறண்டதுபோல் ஆகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்க விடுவதால் அதில் துவர்ப்பு மிகுதி. வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் சாற்றைப் பிழிந்து தோலை முன்பே நீக்கிவிடுவதால் குறைவு. பாலாடைக்கட்டியையோ இறைச்சியையோ ஒரு வாய் தின்றுவிட்டு அதே சிவப்பு ஒயினைப் பருகிப் பாருங்கள். துவர்ப்பு மழுங்கியிருக்கும். உணவோடு சேர்த்து இந்த மாலைகளை நடத்துவதன் பொருள் அங்கேதான் விளங்கும்.

கருஞ்செர்ரி, நனைந்த கல் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை நினைவில் உள்ள வாசனைகள். அவரவர் மூக்கு அவரவர் வாழ்ந்த வீட்டில் பழகியது. ஆனால் மூக்கைக் கண் எளிதில் ஏமாற்றிவிடும். பிரான்சின் போர்தோவில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம், வாசனையற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வருணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி என்றால் நீங்கள் எதற்குக் கூச வேண்டும்?

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் முதன்முதலில் அமர்ந்த சுவைத்தல் மேசையில் மூன்றாவது புட்டி ஊற்றியபோது நனைந்து மக்கிய அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. சுற்றியிருந்தவர்கள் ‘மண்வாசனை’ என்று மெச்சினார்கள். நானும் தலையசைத்தேன். உணவக உரிமையாளர் வந்து, தன் கோப்பையை ஒரு முறை முகர்ந்ததும் மன்னிப்புக் கேட்டுப் புட்டியை எடுத்துச் சென்றார். தக்கையில் பூஞ்சையால் உண்டாகும் டிசிஏ என்ற பொருள் கலந்துவிட்டது. லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயினின் பழவாசனையை அமுக்கிவிடும். எனக்குத் தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது பதினான்கு ஆண்டுகளாக மாதம் ஒரு மாலை நானே ஊற்றிக் கொடுக்கிறேன். ‘அட்டைப்பெட்டி நாறுகிறது’ என்று தயங்காமல் சொல்பவருக்கு என் மேசையில் தனி மதிப்பு உண்டு.

ஆகவே கோப்பையைக் காம்பில் பிடியுங்கள், கைச்சூடு ஒயினில் ஏறாது. மெல்லச் சுழற்றி, யாரும் பேசுமுன் முகர்ந்துவிடுங்கள். முதலில் தோன்றிய சொல்லை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் சொல் காதில் விழுந்துவிட்டால் உங்கள் மூக்கும் அதையே தேடத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஒயினைத் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைக்கிறார்களே, துப்பினால் அநாகரிகம் ஆகாதா?

பதில்: ஆகாது. 750 மில்லி புட்டியிலிருந்து 50 மில்லி வீதம் 15 பேருக்கு ஊற்றலாம். ஐந்து வகை சுவைத்தால் உங்கள் பங்கு 250 மில்லி, அதாவது மூன்றில் ஒரு பங்கு புட்டி. அதற்குப் பிறகுதான் சாப்பாடு, அதனுடன் இன்னொரு கோப்பை. தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பாமல் ஒரு நாளையும் கடத்த முடியாது. எல்லாவற்றையும் விழுங்குபவருக்கு நான்காவது கோப்பை மங்கித்தான் தெரியும். வண்டி ஓட்டுபவர் என்றால், துப்பினாலும் சிறிது உள்ளே போகும். வீடு திரும்ப வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காரம் வேண்டும். உணவகத்தில் காரமான உணவு வரவழைத்தால் எந்த ஒயின் பொருந்தும்?

பதில்: கனமான சிவப்பு வேண்டாம். மிளகாயின் கேப்சைசின் வாயில் எந்தச் சூட்டுணர்வு ஏற்பிகளைத் தூண்டுகிறதோ, அவற்றையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. எரிகிற இடத்தில் இன்னும் எரியும், துவர்ப்பும் முரடாகிவிடும். ஆல்கஹால் குறைவாக, சற்று இனிப்பாக, குளிர்ச்சியாக இருப்பதைக் கேளுங்கள். இனிப்பு தங்கிய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் நல்ல துணை. இத்தாலியின் மொஸ்காட்டோ டாஸ்டியில் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஆனால் ஒயின்களை ஒப்பிட்டு முடிக்கும்வரை மிளகாயைத் தொடாதீர்கள், நாக்கு மரத்துவிடும்.

கேள்வி: பெயர்ச்சீட்டு தெரியாமல் புட்டிகளைத் தாளில் சுற்றி வைக்கிறார்கள். இது வேடிக்கைக்கா?

பதில்: நேர்மைக்காக. 1976 மே 24 அன்று பாரிசில் பிரெஞ்சு நடுவர்கள் பிரெஞ்சு ஒயின்களையும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியா ஒயின்களே முதலிடம் பெற்றன. பெயர்ச்சீட்டு தெரிந்திருந்தால் அப்படி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை. கணவருடன் போக வேண்டியிருக்கிறது. மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பதா?

பதில்: வேண்டாம் அம்மா. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. என் மேசைக்கு வந்த ஒருவர் ஒரு சொட்டும் பருகாமல் ஐந்து கோப்பைகளையும் முகர்ந்தார். நான்காவதில் ‘நறுக்கிய பச்சைக் குடைமிளகாய்’ என்றார். அது கேபர்னே சாவினியோன். அந்தத் திராட்சையில் உள்ள மெத்தாக்சிபிரசின் என்ற பொருளின் வாசனையே அது. அன்று அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். முன்கூட்டியே உணவகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்: முகர்வதற்கு விரற்கடை அளவு ஒயின், பருகுவதற்குத் திராட்சைச் சாறு.