மேடை ஏறும் பிள்ளைகள்: கம்யூனிட்டி காலேஜ் பட்டமளிப்பு பற்றிய கேள்வி – பதில்

இரண்டு வருடப் படிப்பு தரும் அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் பட்டமளிப்பு விழா பெரும்பாலும் மே, ஜூனில் நடக்கும். அதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

குபர்டினோ வாசகி: என் மகள் இந்த ஜூனில் கம்யூனிட்டி காலேஜ் முடிக்கிறாள். மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 3.8. போன வருடம் அவள் தோழி தங்கநிற ஸ்டோல் (தோளில் போடும் பட்டை), கழுத்துக் கயிறு எல்லாம் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள். இதையெல்லாம் காலேஜே கூப்பிட்டுக் கொடுக்குமா?

கொடுக்காது. பட்டத்துக்கே மாணவி விண்ணப்பம் போட வேண்டும். பாடம் எல்லாம் முடித்தும் விழாப் பட்டியலில் பெயர் இல்லாமல் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் இந்த விண்ணப்பத்தைப் போடாமல் விட்டதுதான் காரணம். கெடு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விழாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடிந்துவிடுவது சகஜம் என்பதால் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் கவுன்சிலரிடம் உட்கார்ந்து பாடக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பாடத்தின் அளவைக் கணக்கிடும் யூனிட், செமஸ்டர் முறையில் 60 தேவை. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் 90. உங்கள் பகுதிப் பிள்ளைகள் இரண்டு மூன்று கல்லூரிகளில் மாறி மாறிப் பாடம் எடுப்பார்கள். அங்கே எடுத்த பாடங்களின் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) பட்டம் தரும் கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால் கணக்கில் யூனிட் குறையும், விண்ணப்பம் திரும்பி வரும்.

அடுத்தது ஹானர்ஸ், அதாவது நல்ல ஜி.பி.ஏ.வுக்குத் தரும் சிறப்புத் தேர்ச்சி. எத்தனை ஜி.பி.ஏ.வுக்கு என்ன மரியாதை என்பதை அந்தந்தக் கல்லூரியே வைத்துக்கொள்கிறது. விழா நிரலில் அச்சாகும் பட்டியலைப் பல கல்லூரிகள் முந்தின பருவ மதிப்பெண் வரைக்கும் பார்த்தே எடுக்கின்றன, கடைசிப் பருவ மார்க் அதற்குள் வந்திருக்காது என்பதால். கடைசிப் பருவத்தில்தான் எல்லையைத் தாண்டினாள் என்றால் நிரலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஹானர்ஸைக் காட்டும் நட்சத்திரக்குறி இருக்காது. ஆனால் இறுதிக் கணக்குக்குப் பிறகு டிரான்ஸ்கிரிப்டில் ஹானர்ஸ் ஏறிவிடும். மனம் தளர வேண்டாம்.

தோழி போட்டிருந்த தங்கநிற ஸ்டோல் அநேகமாக ஃபை தீட்டா கப்பாவுடையது. இரண்டு வருடக் கல்லூரி மாணவர்களுக்கான இந்தக் கௌரவச் சங்கம் 1918இல் தொடங்கியது. கல்லூரிக் கிளை அழைத்தால்தான் சேர முடியும். பொதுவாக 12 யூனிட் முடித்து ஜி.பி.ஏ. 3.5 இருந்தால் அழைப்பு வரும், ஒருமுறைக் கட்டணம் உண்டு. அழைப்பு கல்லூரி தந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும், பிள்ளைகளோ சொந்த ஜிமெயிலை மட்டும் பார்ப்பார்கள். பழைய கடிதங்களையும் ஸ்பேம் பெட்டியையும் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கிளையின் ஆலோசகப் பேராசிரியருக்கு நேரே எழுதலாம். கலிஃபோர்னியாக் கல்லூரிகளில் ஆல்ஃபா காமா சிக்மா என்ற சங்கமும் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் ஸ்டோலும் கயிறும் தபாலில் வர நாளாகும், விழா வாரத்தில் ஆர்டர் போட்டால் கைக்கு வந்து சேராது.

மாணவர் உரைக்கு ஆள் எடுப்பதும் தனி விண்ணப்பத்தில்தான். முதல் மார்க் வாங்கியவரையே எல்லா இடத்திலும் பேச அழைப்பதில்லை. பேச்சை எழுதிக் கொடுத்து, குழுவின் முன் பேசிக் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்குப் பேச வருமென்றால் கட்டாயம் முயலட்டும்.

திருச்சி வாசகர்: பேரன் அங்கே இரண்டு வருடப் படிப்பை ஹானர்ஸோடு முடிக்கிறான். "நாலு வருஷப் பட்டம் வாங்கும்போது கொண்டாடிக்கலாம், இதுக்கு எதுக்கு விழா?" என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?

சரியில்லை. பேரன் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது யூனிட்டுகள் கூடப் போகும், ஆனால் இங்கே வாங்கிய மதிப்பெண் பொதுவாக அங்கத்திய ஜி.பி.ஏ.வில் சேராது. கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு வருடம் அவன் கண்விழித்துப் படித்ததற்கான மரியாதை இந்த ஒரு மேடையில்தான் கிடைக்கும்.

இந்தக் கல்லூரிகளை ஏதோ இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று உங்கள் மகன் நினைக்கிறாரோ என்னவோ. இல்லினாயின் ஜோலியட்டில் 1901இலேயே தொடங்கிய மரபு இது. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள். அந்த மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், அதாவது 60 யூனிட்டுக்கு 2,760 டாலர் கட்டணம். யூ.சி. (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) வளாகங்களுக்குப் படிப்பின் நடுவில் மாறிச் சேர்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிகளிலிருந்து போகிறவர்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள், விதித்த பாடமும் ஜி.பி.ஏ.வும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. நன்றாகப் படிக்கிற, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை வருடத்துக்கு 55,000 டாலர் வரை கொடுக்கிறது. பேரனுக்கு நீங்களே போன் போட்டு வாழ்த்துச் சொல்லுங்கள். மகனிடமும் பேசுங்கள்.

டாலஸ் வாசகி: என் பெயரை மேடையில் சரியாக வாசிக்க வைப்பது எப்படி? பெயரில் "ழ" வருகிறது. பாஸ்போர்ட்டில் பெயர் முழுக்க ஒரே பகுதியில் இருப்பதால் விசாவில் "எஃப்.என்.யு." என்று வேறு போட்டுவிட்டார்கள்.

எஃப்.என்.யு. என்றால் முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். கல்லூரிப் பதிவு விசாவைப் பார்த்து ஏறியிருந்தால் அதுவே மேடையில் பெயர் வாசிப்பவருக்குக் கொடுக்கும் விழா அட்டையிலும் போய், அவர் "ஃப்னு" என்று கூப்பிடுவார். பட்ட விண்ணப்பத்தில் "டிப்ளமாவில் வேண்டிய பெயர்" என்று ஒரு கட்டம் பல கல்லூரிகளில் இருக்கும். அதைக் காலியாக விட்டால் பதிவில் இருப்பதே அச்சாகும். மேல்படிப்புக்கும் வேலைக்கும் காட்டும் சான்றுகளோடு பொருந்தும்படி அதை நிரப்புங்கள். கட்டம் இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

விழா அட்டையில் உச்சரிப்பு எழுத ஒரு வரி இருக்கும். "ழ"வுக்கு வழக்கம்போல் இசட்-எச் போட்டால் அமெரிக்கர் அதை "ட்ரெஷர்" என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலியாகத்தான் வாசிப்பார். அவர்கள் நாக்கில் "ழ"வுக்கு மிக நெருக்கமாக வருவது ஆர். யாழினியை உச்சரிப்பு வரியில் மட்டும் ஆர் வைத்து, யா–ரி–நீ என்று அசை அசையாகப் பிரித்து, அழுத்த வேண்டிய அசையைப் பெரிய எழுத்தில் எழுதினால் காதுக்கு யாழினியாகவே கேட்கும். சில கல்லூரிகள் பெயரைக் குரலில் பதிந்து அனுப்பவும் வழி வைத்திருக்கின்றன. அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒருமுறை மெதுவாக, ஒருமுறை இயல்பாக.

நியூ ஜெர்சி வாசகி: அங்கிக்குள் பட்டுப்புடவை கட்டலாமா? தலையில் பூ?

தாராளமாக. அங்கி கெண்டைக்கால் அளவில் நிற்கும், கீழே புடவைக் கரை தெரிவது அழகுதான். தோளில் கனமான முந்தானை இருந்தால் அங்கி ஒரு பக்கம் புடைத்து ஸ்டோல் சரியும். முந்தானையை ஒடுக்கமாக மடித்துக் குத்தி, நுனியை இடுப்பைச் சுற்றிச் செருகிவிடுங்கள். ஸ்டோலை இரண்டு தோளிலும் அங்கியின் உள்பக்கமிருந்து ஊக்கு போட்டுப் பிடிக்கலாம். முத்திரை தைத்த இடத்தில் குத்த வேண்டாம். மேடைப் படிகளுக்காகப் புடவையை அரை அங்குலம் தூக்கிக் கட்டுங்கள். விழா புல்வெளியில் என்றால் ஹீல்ஸ் மண்ணில் புதையும்.

தொப்பியின் பலகை நெற்றிக்கு மேலே தரைக்கு இணையாக உட்கார வேண்டும். உயரக் கொண்டை அதை முன்னே தள்ளிவிடும். தாழப் பின்னி, பின்னலின் அடியில் மல்லிகை வைத்தால் இடைஞ்சல் இல்லை. பக்கத்துக்கு இரண்டு ஹேர்பின் போதும். குஞ்சம் முதலில் வலப்பக்கம் இருக்கும், மேடையிலிருந்து சொன்னதும் இடப்பக்கம் மாற்றுவது வழக்கம். பாலியெஸ்டர் அங்கி மடிப்போடுதான் வரும். சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் இளகி ஒட்டும். முதல் நாளே குளியலறையில் மாட்டி, வெந்நீர் ஆவியில் சுருக்கம் போக விடுங்கள்.

அட்லாண்டா, தமிழ்ச் சங்க நிர்வாகி: கம்யூனிட்டி காலேஜில் சிறப்பாகத் தேறிய நம் பிள்ளைகளைச் சங்க விழாவில் பாராட்ட நினைக்கிறோம். பட்டியல் கேட்டால் கல்லூரி கொடுக்கவில்லை. யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாணவர் பதிவுகளைக் காக்க 1974இல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது. மதிப்பெண்ணை மாணவர் சம்மதமின்றி வெளியாரிடம் தர முடியாது. 16 வயதில் ஹைஸ்கூலோடு சேர்த்துக் கல்லூரிப் பாடம் எடுக்கிற பிள்ளை என்றாலும், கல்லூரிப் பதிவில் அந்த உரிமை பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு இல்லை. எனவே உறுப்பினர்களுக்கு நீங்களே ஒரு படிவம் அனுப்புங்கள். பெயர், அதன் உச்சரிப்பு, கல்லூரி, பெற்ற பட்டம் அல்லது சான்றிதழ், ஹானர்ஸ் விவரம், அடுத்து என்ன செய்யப் போகிறார், படம் வெளியிடச் சம்மதமா, இவ்வளவு போதும். மேடையில் ஜி.பி.ஏ. எண்ணை வாசிக்க வேண்டாம்.

ஜி.பி.ஏ.வை மட்டும் வைத்து வரிசைப்படுத்தவும் வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறோம். வீட்டில் இருந்து இரண்டு பாடம் எடுத்த பதினேழு வயதுப் பையனையும், பகலில் வேலை, மாலையில் வகுப்பு, இரவில் குழந்தை என்று நர்சிங் முடித்த தாயையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. அந்த இரண்டு வருட நர்சிங் பட்டத்தோடு அவர் எழுதுவது, நாலு வருடம் படித்தவர் எழுதும் அதே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வைத்தான். வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், பல காலம் கழித்துப் படிப்புக்குத் திரும்பியவர்கள், தொழிற்சான்றிதழ் பெற்றவர்கள் என்று தனித்தனியாக அழைத்துப் பாராட்டுங்கள்.

ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 30 பேருக்குக் கால் மணி நேரம். பொன்னாடையும் போர்த்தினால் இரட்டிப்பாகும். படம் எடுக்க நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் வரிசை தேங்காது. சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முன்னால் இதை வையுங்கள். பேச்சு நீண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு காலி நாற்காலிகளுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை ஏற்றுவது அவர்களை அவமதிப்பதாகும்.

மதுரை வாசகர்: பேத்தியின் விழாவுக்குப் போக, விசா நேர்காணலில் காலேஜ் அழைப்பிதழ் கட்டாயமா?

சுற்றுலா விசாவுக்கு அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் பிழையின்றி நிரப்புவதும், ஊர் திரும்புவீர்கள் என்பதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்வதும்தான் முக்கியம். நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், விழாத் தேதி தெரிந்த அன்றே தொடங்குங்கள்.

சிகாகோ வாசகர்: மேடையில் மகனுக்குக் கொடுத்த உறையைத் திறந்தால் உள்ளே சான்றிதழ் இல்லை. ஏதாவது பாக்கியா?

பயப்பட வேண்டாம், பெரும்பாலான கல்லூரிகளில் எல்லாருக்கும் வெற்று உறைதான். இறுதி மதிப்பெண் வந்து பாடக்கணக்கு மறுபடி சரிபார்க்கப்பட்ட பிறகே டிப்ளமா அச்சாகித் தபாலில் வரும், சில வாரங்கள் ஆகும். வீடு மாறுவதாக இருந்தால் கல்லூரிப் பதிவில் முகவரியை உடனே மாற்றச் சொல்லுங்கள்.