பிளஸ் டூ வேதியியல்: மாதிரித் தேர்வு எழுதுவோர் கேட்டவை

மாணவி, மஞ்சக்குப்பம்: சார், இதுவரைக்கும் ஒன்பது மாதிரித் தேர்வு எழுதிட்டேன். 70க்கு 48, 50லயே நிக்குது. இன்னும் எத்தனை எழுதணும்?

பத்தாவது இப்போது வேண்டாம்மா. அந்த ஒன்பது விடைத்தாளையும் எடுத்து, மார்க் போன இடமெல்லாம் ஓர் எழுத்து போடு. பாடமே தெரியவில்லை என்றால் ‘பா’, கணக்கில் கை தவறினால் ‘க’, தெரிந்தும் எழுதிய விதத்தில் போனால் ‘எ’, நேரம் போதாவிட்டால் ‘நே’. ‘பா’வுக்கு மட்டும்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ‘க’ போட்ட கணக்கை மூன்று நாள் கழித்து, விடைக்குறிப்பைப் பார்க்காமல் திரும்பப் போடு. ‘எ’ பெரும்பாலும் ஒன் வேர்டில், அதாவது விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் வினாவில், ஒளிந்திருக்கும். குறியீடு, விடை இரண்டையும் எழுத வேண்டும். ‘ஆ’ என்று போட்டுவிட்டு ‘இ’யின் விடையை எழுதினால் அந்த மார்க் கிடையாது.

மாணவர், நெல்லிக்குப்பம்: கடைசி ஃபைவ் மார்க்குக்கு நேரமே இருக்கிறதில்லை சார்.

15 ஒன் வேர்டுக்கு 15 நிமிடம். டூ மார்க் ஆறுக்கு தலா 5, த்ரீ மார்க் ஆறுக்கு தலா 8, ஃபைவ் மார்க் ஐந்துக்கு தலா 13 நிமிடம். கூட்டினால் 158, மூன்று மணி நேரத்தில் 22 நிமிடம் கையில் நிற்கும். ஒன்பதில் ஆறு எழுதச் சொன்னால் எட்டு எழுதுவதுதான் நேரத்தைத் தின்கிறது. 24, 33 இரண்டும் கட்டாய வினா, அவற்றை முதலில் முடித்துவிடு.

மாணவர், பண்ருட்டி: வேகவியல் (வினை நடக்கும் வேகம்) கணக்குல சூத்திரம் சரியா இருக்கு, விடை மட்டும் எங்கேயோ போகுது.

வெப்பநிலையைச் செல்சியஸிலேயே விட்டிருப்பாய். 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போனால் வேகம் இருமடங்கு, கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) என்ன என்ற கணக்கைப் போட்டுப் பார். 273ஐக் கூட்டி 300, 310 கெல்வின் என்று பிரதியிட்டால் 2.303 × 8.314 × 0.3010 × 300 × 310 ÷ 10, மோலுக்கு சுமார் 53.6 கிலோஜூல். 27, 37 என்றே போட்டால் வெறும் 576 ஜூல் வரும். கிளர்வு ஆற்றல் இத்தனை சின்னதாக வந்தாலே சந்தேகப்பட வேண்டாமா? கால்குலேட்டர் கிடையாது, அதனால் மடக்கை (log) 2 = 0.3010, மடக்கை 3 = 0.4771 இரண்டும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

இதே வகை வழுக்கல் அயனிச் சமநிலையிலும் உண்டு. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8 என்று எழுதிவிடுவார்கள். அமிலத்துக்குப் பிஹெச் 7க்கு மேல் எப்படி வரும்? நீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 6.98.

மாணவி, திருப்பாதிரிப்புலியூர்: ஆல்டால் வினையும் கான்னிசரோ வினையும் மாத்தி மாத்தி எழுதிடறேன்.

கார்பனைலுக்கு (C=O தொகுதிக்கு) அடுத்த கார்பனைப் பாரும்மா. அதில் ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டால், அசிட்டால்டிஹைடு அப்படி. பென்சால்டிஹைடில் அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இல்லை, ஃபார்மால்டிஹைடில் அடுத்த கார்பனே இல்லை. இரண்டும் அடர் காரத்தில் கான்னிசரோ. பென்சால்டிஹைடு பென்சைல் ஆல்கஹாலையும் சோடியம் பென்சோயேட்டையும் தரும். காரக் கரைசலில் பென்சாயிக் அமிலம் என்று முடித்தால் தப்பு, உப்பாகத்தான் இருக்கும்.

ஒரு தந்தை, வில்லியனூர்: புதுச்சேரி அரசுப் பள்ளி, பையன் சிபிஎஸ்இ. கடலூர் மாணவர்களின் வினாத்தாளை வைத்துப் பயிற்சி எடுக்கலாமா?

மின்வேதியியல், வேகவியல் கணக்குகளுக்கு எடுக்கலாம் ஐயா, முழுத் தேர்வாக வைக்க வேண்டாம். உலோகவியல், பி-தொகுதி, திடநிலைமை, அயனிச் சமநிலை, புறப்பரப்பு வேதியியல் எல்லாம் தமிழ்நாட்டு பிளஸ் டூ புத்தகத்தில் உண்டு. உங்கள் மகனுக்கு பிளஸ் டூவில் இப்போது இல்லை. அவனுக்குள்ள கரைசல்கள் பாடமோ இங்கே பிளஸ் ஒன்னில் இருக்கிறது. கூற்று–காரண வினாக்களுக்கும் நான்கு மார்க் வினாக்களுக்கும் சிபிஎஸ்இ மாதிரித் தாளையே கொடுங்கள்.

மாணவர், சிதம்பரம்: பாஸ் ஆனா போதும் சார். செய்முறையில முழு மார்க் வந்தா தப்பிச்சிடலாமா?

தப்பிக்க மாட்டாய் தம்பி. மொத்தம் 35 வந்தாலும் எழுத்துத் தேர்வில் 70க்கு 15 கட்டாயம். முதலில் 15 பாடத்தின் புக் பேக் ஒன் வேர்டு, அப்புறம் உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல்; இரண்டிலும் கணக்கு கிடையாது.