பெக்கிதான் மார்கரெட்டா?

கேள்வி: சென்னையில் ஒரு நிறுவனத்தில் பிரிட்டிஷ் ஓய்வூதியக் கோப்புகளைச் சரிபார்க்கிறேன். கோப்பில் மார்கரெட் என்று இருக்கும், வரும் கடிதத்தில் பெக்கி என்று கையெழுத்து இருக்கும். ரிச்சர்ட் எப்படி டிக் ஆகிறார்? ஒரே ஆள்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: ஸ்மித், டெய்லர், குக் என்று தொழிலின் பெயராகவே வருகிறதே, இவை அங்கே சாதிப் பெயர்களா? எங்கள் பிரிவில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது.

பதில்: பெக்கி, மார்கரெட்டின் செல்லப்பெயர்தான். அதனால் மட்டும் இருவரும் ஒரே ஆள் என்று கோப்பை முடித்துவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சாதி விஷயத்துக்கு விடை: இல்லை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான், பெயர்ப் பஞ்சம்.

1066-இல், இன்றைய பிரான்சின் வடக்கே உள்ள நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்கு முன் ஆங்கிலேயர்கள் இரண்டு சொற்களைக் கோத்து விதவிதமாகப் பெயர் வைத்தார்கள். எட்வர்ட் என்றால் செல்வமும் காவலும். காட்வின் என்றால் கடவுளின் நண்பன். வென்றவர்களின் பெயர்தான் நாகரிகம் என்று ஆனதும், இருநூறு ஆண்டுகளுக்குள் இவற்றில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. எட்வர்ட் தப்பியதற்குக் காரணம், புனிதராக வணங்கப்பட்ட அரசர் ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்தது. மற்றபடி ஊருக்கு ஊர் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ்தான். ஒரு தெருவில் ஐந்து ஜான் இருந்தால் யாரை எப்படிக் கூப்பிடுவது? ஒரு வழி, பெயரைச் சிதைப்பது. இன்னொரு வழி, அடைமொழி சேர்ப்பது. சிதைத்தது செல்லப்பெயர் ஆயிற்று, அடைமொழி குடும்பப் பெயர் ஆயிற்று.

சிதைப்பதில் ஒரு விளையாட்டு இருந்தது. நாம் 'காபி கீபி' என்று முதலெழுத்தை மாற்றி எதுகை போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ரிச்சர்டைச் சுருக்கினால் ரிக். எதுகைக்கு டிக், ஹிக். ராபர்ட் ராப் ஆகி, அப்புறம் ஹாப், டாப், பாப். மார்கரெட் மெக் ஆகி, பிறகு பெக், பெக்கி. வில்லியம் வில் ஆகி, இந்த வரிசையில் ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்தவர் பில். குழந்தை மழலையில் ர, ல ஆவது நமக்குத் தெரிந்ததுதானே? சாரா சாலி ஆனதும், மேரி மோலி ஆனதும், டாரதி டால் ஆனதும் அப்படித்தான். பொம்மைக்கு இன்று ஆங்கிலத்தில் சொல்லும் 'டால்' அந்த டாரதியிலிருந்து வந்த சொல்.

எனக்கு மிகப் பிடித்தது எட்வர்டின் நெட். 'என்னுடைய' என்பதற்கு அந்தக் கால ஆங்கிலத்தில் 'மீன்' என்பார்கள். 'மீன் எட்' என்று செல்லம் கொஞ்சியதைச் சேர்த்துக் கேட்டவர்கள், பிரிக்கும்போது 'மீ நெட்' என்று பிரித்துவிட்டார்கள். புணர்ச்சி விதியில் தேர்வு வைத்தால் தேறமாட்டார்கள். எல்லன் நெல் ஆனதும், ஆன் நான்சி ஆனதும் இதே தவறால்தான்.

சரி, உங்கள் கோப்புக்கு வருவோம். செல்லப்பெயர் ஒரு தடயம், சான்று அல்ல. காலப்போக்கில் செல்லப்பெயர்களையே பிறப்புச் சான்றிதழில் பதியத் தொடங்கிவிட்டார்கள். ஜாக், ஜானின் பழைய செல்லப்பெயர். எண்பது வயது ஜாக்குக்கு ஆவணத்தில் ஜான் என்று இருந்தால் வியப்பில்லை. ஆனால் 1990-களின் பின்பாதியிலிருந்து பல ஆண்டுகள் இங்கிலாந்தில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயரே ஜாக்தான். அந்தத் தலைமுறை ஜாக், பெரும்பாலும் ஆவணத்திலும் ஜாக்தான். இளவரசர் ஹாரியின் முறையான பெயர் ஹென்றி. அவரைப் பார்த்து எல்லா ஹாரியையும் ஹென்றி ஆக்கிவிடக் கூடாது. எலிசபெத் இன்னும் மோசம்: பெஸ், பெட்டி, பெத், லிஸ், எலைசா என்று ஒரு பட்டாளமே உண்டு. பிறந்த தேதி, முகவரி, தேசியக் காப்பீட்டு எண், இந்த மூன்றும் பொருந்தினால் பெயர் மாற்றத்தைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். எண் பொருந்தாவிட்டால் பெக்கியிடமே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

அடைமொழி எப்படிக் குடும்பப் பெயர் ஆயிற்று? கொல்லர் ஜான் 'ஸ்மித்'. குன்றடியில் குடியிருந்தவர் 'ஹில்'. செம்பட்டை முடிக்காரர் 'ரீட்'. ஹாபின் மகன் 'ஹாப்சன்', டிக்கின் மகன் 'டிக்சன்'. தொடக்கத்தில் இவை ஆளோடு போய்விடும், அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்றுகூட இருக்கும். வரிப் பட்டியல், நிலப் பத்திரம் என்று எழுத்து வேலை கூடக்கூட, 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பிறகு தொழிலோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஸ்மித்தின் பேரன் தச்சரானாலும் ஸ்மித்தான். ஸ்மித் ஸ்மித் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டும் கிடையாது.

மார்கரெட் தாட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். தாட்சர் என்றால் கூரை வேய்பவர். அவர் அப்பாவோ கிரான்தம் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் ராபர்ட்ஸ், அதாவது முன்னோர் யாரோ ஒரு ராபர்ட்டின் பிள்ளை. 1951-இல் டெனிஸ் தாட்சரை மணந்ததும் கூரைக்காரர் பெயர் வந்து சேர்ந்தது. மார்கரெட் என்பதற்கு கிரேக்கத்தில் முத்து என்று பொருள்.

தொழிற்பெயர்களில் ஏமாற்றுப் பேர்வழிகளும் உண்டு. வாக்கர் என்பவர் நடைபயணி இல்லை. நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, பிசுக்குப் போக, இழை நெருங்க, காலால் மிதிக்க வேண்டும். தொட்டியில் பழைய சிறுநீரையும் ஊற்றுவார்கள், அழுக்கு எடுக்க அந்தக் காலத்துச் சவர்க்காரம் அது. அப்படி மிதித்தவர் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். ஒரே வேலைக்கு மூன்று பெயர்! குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஊகிக்க இது தொழிலைவிட நன்றாக உதவும்.

வேல்ஸ் கோப்புகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரைச் சேர்ப்பதுதான் வெகுகாலம் வழக்கம். 'ஆப்' என்றால் மகன். ஆப் ரீஸ் பிரைஸ் ஆனார், ஆப் ஹவல் பவல் ஆனார். மற்றவர்கள் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், தாமஸ் என்ற சில பெயர்களுக்குள் அடங்கிவிட்டதால், பெயர் ஒத்துப்போவது அங்கே எதையும் நிரூபிக்காது. டேவிட் தாமஸும் தாமஸ் டேவிட்டும் வேறு வேறு ஆட்கள். பட்டியலில் 'தாமஸ், டேவிட்' என்று நடுவில் காற்புள்ளி இருந்தால் முன்னால் நிற்பது குடும்பப் பெயர். காற்புள்ளியைத் தட்டச்சில் விட்டுவிடாதீர்கள்.