கணினிக் கேள்வி – பதில்: ஸ்கேன் செய்ய எத்தனை ஜிபி?

கேள்வி: காற்றாலைகளைப் பராமரித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் மின்னஞ்சலும் கோப்புகளும் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் உள்ளன. ஆதார் எண், வங்கி விவரம் போன்றவை எங்கெங்கே கிடக்கின்றன என்று ஸ்கேன் செய்து தர ஒரு பாதுகாப்பு நிறுவனம் ஜிபி கணக்கில் கட்டணம் கேட்கிறது. அட்மின் கன்சோல் எனும் நிர்வாகப் பக்கம் மொத்தம் 4 டெராபைட் என்று காட்டுகிறது. அவ்வளவுக்கும் பணம் கட்ட வேண்டுமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: பெரும்பாலும் வேண்டியிருக்காது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்குபவர், பாலின் எடையோடு நிறுத்திக்கொள்ளாமல் அதிலுள்ள உலர் ரப்பரின் விகிதத்தைப் பார்த்து விலை போடுவதைப் போல, தாங்களும் அந்த 4 டெராபைட்டில் ஸ்கேன் மென்பொருள் திறந்து படிக்கப்போகும் பகுதி எவ்வளவு என்று கணக்கிட வேண்டும்.

கன்சோலின் கணக்குவாரி அறிக்கையில் ஒவ்வொரு ஊழியரின் ஜிமெயில் அளவும் டிரைவ் அளவும் தனித்தனியே கிடைக்கும். குழுவினர் பொதுவில் பயன்படுத்தும் ஷேர்ட் டிரைவில் இருக்கும் கோப்புகள் நிறுவனத்துக்கே உரியவை என்பதால் எந்த ஊழியரின் கணக்கிலும் சேராது. அதைத் தனியே எடுத்துக் கூட்டுங்கள். பிறகு களப் பொறியாளர், கணக்காளர், பணியாளர் பிரிவு என்று வேலைக்கு ஒருவராகத் தேர்ந்து, அவர்களுடைய டிரைவில் சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்தால் கோப்புகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்பட்டு நிற்கும். இறகுகளைச் சோதிக்க ட்ரோன் எடுத்த வீடியோக்களே மேலே குவிந்திருக்கும் என்பது என் ஊகம். அவற்றில் ஆதார் எண்ணைத் தேடப் பணம் செலவிடுவது வீண்.

ஆனால் படங்களை ஒட்டுமொத்தமாக விலக்கிவிடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் பெரும்பாலும் கைபேசியில் எடுத்த படமாகத்தான் அலுவலகத்துக்கு வந்து சேர்கின்றன. தேடவேண்டிய பொருளே அங்குதான் இருக்கிறது. ஆகவே இறகுப் படங்களின் ஃபோல்டர்களை மட்டும் விலக்கி, பணியாளர் பிரிவின் படங்களை படத்திலுள்ள எழுத்துகளைப் படித்தறியும் வசதியோடு (ஓசிஆர்) படிக்கச் சொல்லுங்கள். அந்த வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணித்துப் பெறும் சரிபார்ப்பு இலக்கம்; அதைக் கணித்துப் பார்க்காத மென்பொருள், தங்கள் உதிரிபாகங்களின் 12 இலக்க வரிசை எண்களையெல்லாம் ஆதார் என்று பட்டியலிட்டுத் தொல்லை தரும்.

மின்னஞ்சலில் வேறொரு சிக்கல் உண்டு. இணைப்புக் கோப்புகள் அஞ்சலில் செல்லும்போது வெறும் எழுத்துகளாக மாற்றப்படுவதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகின்றன. 3 எம்பி கோப்பு 4 எம்பிக்கு மேல் ஆகிவிடும். அதையே 20 பேருக்கு அனுப்பியிருந்தால் 20 அஞ்சல் பெட்டிகளிலும் இருக்கும். அதை ஒருமுறை எண்ணுவார்களா, 20 முறை எண்ணுவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சுருக்கிய ஜிப் கோப்புகளை விரித்த அளவில் கணக்கிடுவார்களா என்பதும் அப்படியே. அவர்களுடைய ஜிபி 1000 எம்பியா, 1024 எம்பியா என்பது சில்லறை விஷயமாகத் தோன்றும். டெராபைட் கணக்கில் வித்தியாசம் ஏறக்குறைய 10 சதவீதம்.

முதல் முழு ஸ்கேனுக்குப் பிறகு பொதுவாகப் புதிதாக வந்தவையும் மாறியவையும் மட்டுமே படிக்கப்படும். மாதாந்தர இருப்பு உயர்வை மட்டும் வைத்து இதை மதிப்பிட்டால் போதாது. பெரிய எக்செல் கோப்பில் ஒரு கட்டத்தைத் திருத்தினால் இருப்பு உயராமலே இருக்கலாம், கோப்போ முழுவதுமாக மீண்டும் படிக்கப்படலாம். தினமும் திருத்தப்படும் கோப்புகளை, சம்பளப் பட்டியல் போன்றவற்றை, தனியே கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்களும் இப்படியொரு ஸ்கேன் செய்ய எண்ணுகிறோம்; ஆனால் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறோம். பயன்பாட்டு அறிக்கையில் ஊழியர் பெயருக்குப் பதில் புரியாத குறியீடுகள் வருகின்றன. எந்தப் பிரிவில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 2021 செப்டம்பர் முதல் பெயர்களை மறைப்பதே இயல்பான அமைப்பு. முதன்மை நிர்வாகி, அட்மின் சென்டரின் நிறுவன அமைப்புகளில் அறிக்கைகள் என்ற பகுதிக்குச் சென்று, மறைக்கும் குறியை எடுத்துவிட்டால் பெயர்கள் தெரியும். பட்டியலைப் பதிவிறக்கிக்கொண்டு குறியைத் திரும்ப இட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் கோப்புகளைப் பகிரும் தளமான ஷேர்பாயிண்டின் அளவை அப்படியே ஏற்க வேண்டாம். அங்கே ஒரு கோப்பின் பழைய பதிப்புகளும் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. பல ஆண்டுகளாக இயல்பு வரம்பு 500 பதிப்புகள். ஸ்கேன் நிறுவனம் கடைசிப் பதிப்பை மட்டும் படிப்பதாக இருந்தால், அறிக்கை காட்டும் அளவில் ஒரு பகுதிக்கே தாங்கள் கட்டணம் செலுத்த நேரும்.