முதலில் டிரஸ் வாங்காதீர்கள்

கேள்வி: அடுத்த ஏப்ரலில் டோக்கியோவுக்குப் படிக்கப் போகிறேன். லோலிடா ஃபேஷன், அதாவது லேஸும் குடை போல விரிந்த பாவாடையுமாகப் பொம்மை மாதிரி இருக்கும் அந்த ஜப்பானிய உடை என்றால் மூன்று வருடமாக எனக்கு உயிர். இப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருக்கிறேன், போட்டுக்கொண்டு போக இடம் இல்லை, கையில் பெரிய பணமும் இல்லை. அங்கே போகும் வரை வெறுமனே படம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா? சேர்த்து வைத்த காசில் இப்போதே ஒரு டிரஸ் ஆர்டர் செய்துவிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். நானும் டோக்கியோவுக்குப் போன புதிதில் டிரஸைத்தான் முதலில் வாங்கினேன். உள்ளே போட பெட்டிகோட் இல்லை, சேர்கிற பிளவுஸ் இல்லை, ஷூ இல்லை, எட்டு மாதம் அது ஹேங்கரிலேயே தொங்கியது. லோலிடாவில் கண்ணுக்கு முதலில் தெரிவது டிரஸ்தான், ஆனால் அந்த உருவத்தைக் கொண்டுவருவது டிரஸ் இல்லை. முழங்கால் அளவில் குடை போல விரிந்து நிற்கிறதே, அந்த விரிவு முழுக்க உள்ளே இருக்கும் பெட்டிகோட்டின் வேலை. அது இல்லாமல் 30,000 யென் டிரஸும் சாதாரண ஃபிராக் மாதிரி துவண்டு கிடக்கும்.

ஒரு வகையில் நீங்கள் மதுரையில் இருப்பது நல்லது, ஏனென்றால் தையலுக்கு அங்கே ஆள் இருக்கிறது. லெஹங்காவுக்கு உள்ளே போடும் கேன்கேன் கடைகளில் தொங்குமே, அதை வாங்கிவிடாதீர்கள். அது தரை வரை நீளம், வடிவமும் கூம்பு. ஆனால் அதே நெட் துணியை எடுத்து டெய்லரிடம் குட்டையாகத் தைக்கச் சொல்லலாம். இடுப்பில் எலாஸ்டிக், அதற்குக் கீழே மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் மேல் அடுக்கைப் போல இரண்டு மடங்கு சுற்றளவு வைத்துச் சுருக்க வேண்டும். மொத்த நீளம் உங்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும், டிரஸுக்குக் கீழே நெட் எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது. நெட் தோலை அறுக்கும், அதனால் உள்ளே மெல்லிய பருத்தியில் ஒரு லைனிங் கட்டாயம். கூடவே அதே பருத்தியில் முழங்காலுக்கு மேல் வரை வரும் ஒரு புளூமர்ஸும், அதாவது உள்ளே போடும் தளர்வான கால்சட்டையும் தைத்துவிடுங்கள், காற்றடிக்கும்போதும் ரயில் நிலையப் படிக்கட்டு ஏறும்போதும் அது எவ்வளவு நிம்மதி என்று அங்கே போனதும் தெரியும். நெட் விறைப்பாக நிற்கும் என்றாலும் கனமும் சத்தமும் அதிகம். ஆர்கன்சா மிருதுவானது, ஆனால் பத்து தடவை போட்டால் கொஞ்சம் தளர்ந்துவிடும். முதல் பெட்டிகோட்டுக்கு நான் நெட்டைத்தான் சொல்வேன்.

அப்புறம் பிளவுஸ். புடவைக்குப் போடுகிற பிளவுஸ் இல்லை, வட்டக் காலர் வைத்து, கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. இதையும் உங்கள் டெய்லரே தைத்துவிடுவார். பளிச்சென்ற வெள்ளையைவிட ஐவரி நிறத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நம் தோல் நிறத்துக்கு அழகாகச் சேரும். லேஸ் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மினுமினுக்கும் நைலான் லேஸ் வைத்தால் உடனே நாடக உடுப்பு மாதிரி ஆகிவிடும், பருத்தி லேஸ் விலை கொஞ்சம் கூட என்றாலும் அதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. இதற்குக் காசே தேவையில்லை, ஆனால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஜப்பானிய பிராண்டுகள் பல டிரஸ்களை ஒரே சைஸில்தான் தைக்கின்றன. மார்பு, இடுப்பு, தோள் அகலம், தோளிலிருந்து இடுப்பு வரை, தோளிலிருந்து முழங்கால் வரை, இந்த ஐந்தையும் சென்டிமீட்டரில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய உடுப்பு விற்பவர்கள் 'மிஹபா' என்று ஒரு எண் போடுவார்கள், அது டிரஸைத் தரையில் விரித்து வைத்து ஒரு பக்கம் மட்டும் அளந்த மார்பு அகலம், அதை இரண்டால் பெருக்க வேண்டும். 'கிதகே' என்பது மொத்த நீளம். பல டிரஸ்களில் முதுகுப் பக்கம் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கியிருப்பார்கள், அதற்கு ஷிர்ரிங் என்று பெயர். அப்படிப்பட்டதற்கு சுருங்கிய அளவு ஒன்று, இழுத்த அளவு ஒன்று என இரண்டு எண் வரும். இழுத்த எண்ணை நம்பி வாங்கினால் நாள் முழுக்க மூச்சு முட்டும், இரண்டுக்கும் நடுவில் உங்கள் அளவு விழ வேண்டும். தோளுக்கு இந்தச் சலுகை கிடையாது, தோள் அகலம் சேரவில்லை என்றால் அந்த உடுப்பை மறந்துவிடுங்கள்.

இளம் நிறங்களில் ஸ்வீட், கறுப்பு மிகுந்த கோதிக், அடக்கமான நிறங்களில் கிளாசிக் என்று மூன்று பெரிய பிரிவுகள் இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஸ்வீட்டுக்கு ஏஞ்சலிக் பிரிட்டி, 1988-ல் தொடங்கிய பேபி த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட், கோதிக்குக்கு இசைக் கலைஞர் மானா 1999-ல் தொடங்கிய முவா மேம் முவாத்தியே, இந்த பிராண்டுகளின் படங்களைப் பாருங்கள். பிடித்ததையெல்லாம் சேமிக்காமல், ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள்ளேயே தேடுங்கள். முதல் வருடம் ஷூ, சாக்ஸ், ரிப்பன் எல்லாம் ஒன்றோடொன்று சேர இது ஒன்றுதான் வழி.

வீட்டில் சொல்லும்போது பெயரைப் பற்றி நீங்களே முந்திக்கொண்டு விளக்கிவிடுங்கள். அதே பெயரில், ஒரு சிறுமி மேல் மோகம் கொண்ட ஆணைப் பற்றிய மேலைநாட்டு நாவல் ஒன்று இருக்கிறது, அம்மா அதை எங்காவது படித்துவிட்டுப் பயந்துவிடக் கூடாது. இந்த உடையை உருவாக்கி உடுத்திய பெண்கள் தங்கள் சந்தோஷத்துக்காக உடுத்தினார்கள், ஆண்கள் பார்வைக்காக இல்லை. கழுத்திலிருந்து முழங்கால் வரை, அதற்குக் கீழே சாக்ஸ் வரை மூடிய உடை என்பதைப் படத்தோடு காட்டுங்கள்.

பணத்தை அங்கே போய்ச் செலவழியுங்கள். பெரிய பிராண்டில் புது டிரஸ் 30,000 யென்னைத் தாண்டும், ஒருவர் போட்டு விற்றது பாதி விலைக்கும் அதற்குக் கீழேயும் கிடைக்கும். ஜப்பானில் உடுப்பை அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார்கள், குளோசெட் சைல்ட் மாதிரி பழைய உடுப்புக் கடைகளை ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது புரியும். மாணவர்கள் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், இரண்டு மாதச் சேமிப்பில் ஒரு நல்ல டிரஸ் வந்துவிடும்.

முதல் மாதம் எதுவும் வாங்காமல் டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் உடுப்புக் கடைகள் நிறைந்த லாஃபோரே கட்டடத்துக்குப் போய்ப் போட்டு மட்டும் பாருங்கள். ட்ரையல் ரூமில் ஷூவைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும், மேக்கப் துணியில் ஒட்டாமல் இருக்க முகத்தை மூடும் மெல்லிய உறை ஒன்று கொடுப்பார்கள், அதைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் டிரஸைப் போட வேண்டும். கடைக்குள் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மதுரையில் தைத்த பெட்டிகோட்டை மறக்காமல் பையில் எடுத்துப் போங்கள், அதோடு போட்டுப் பார்த்தால்தான் அந்த டிரஸ் உங்கள் மேல் எப்படி நிற்கும் என்று தெரியும்.