ரோனி பார்க்கரும் ஜெரால்ட் வைலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றிப் பேசும்போது நீங்கள் ரோனி பார்க்கரை ‘முதலில் எழுத்தாளர், பிறகு நடிகர்’ என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன் பிறகு அவரும் ரோனி கார்பெட்டும் சேர்ந்து நடத்திய ‘தி டூ ரோனிஸ்’ நிகழ்ச்சியின் துண்டுகள் சிலவற்றைத் தேடிப் பார்த்தேன். நடிகராக அவரை மறுக்க முடியாது. ஆனால் எழுத்து என்று வரும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. எல்லோரும் கொண்டாடும் ‘ஃபோர் கேண்டில்ஸ்’ வெறும் சொல் குழப்பமாகவே பட்டது. முந்தைய கேள்விக்கான பதிலை அடுத்த கேள்விக்குச் சொல்லிக்கொண்டே போகும் ‘மாஸ்டர்மைண்ட்’ காட்சி அதைவிடப் பல மடங்கு மேல். அவர் புனைபெயரில் எழுதியதாகவும் படித்தேன். அவ்வளவு புகழ்பெற்ற மனிதர் அடக்கத்தால் அப்படிச் செய்தாரா? ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’ தொடரில் திக்குவாயைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியதும் எனக்கு உறுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, 58 வயதில் ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழம்பொருள் கடை வைக்கப் போனார் என்பதற்குப் பின்னால் சொல்லப்படாத காரணம் ஏதேனும் இருக்குமோ என்றும் தோன்றுகிறது.

அன்புடன்,
க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்திலுள்ள ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன். 1980-இல் வந்த ‘மாஸ்டர்மைண்ட்’ காட்சியை எழுதியவர் பார்க்கர் அல்ல, டேவிட் ரென்விக். அதேபோல 1966-இல் ‘ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்’ நிகழ்ச்சியில் ஜான் கிளீஸ், பார்க்கர், ரோனி கார்பெட் மூவரும் உயர வரிசையில் நின்று மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று பேசும் புகழ்பெற்ற காட்சியையும் பலர் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது மார்ட்டி ஃபெல்ட்மனும் ஜான் லாவும் எழுதியது. நடித்தவர் முகம் நம் மனத்தில் நிற்கிறது, எழுதியவர் பெயர் திரையில் ஓடி மறைந்துவிடுகிறது. அந்த நிலையைத் தன் எழுத்துக்கு வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டவர் பார்க்கர் என்பதால்தான் இந்தப் பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர் 1929-இல் பெட்ஃபோர்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். கட்டடக்கலைப் படிப்பைத் தொடங்கிப் பாதியில் விட்டு, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, அதையும் விட்டு 1948-இல் எய்ல்ஸ்பரியிலிருந்த ஒரு நாடகக் குழுவுக்குப் போனார். வாரத்துக்கு ஒரு நாடகம் என்று ஓடிய அத்தகைய குழுக்களில் இந்த வாரம் கிழவன், அடுத்த வாரம் போலீஸ்காரர், அதற்கடுத்த வாரம் வேலைக்காரன் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் வேலையில்லாமல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றில் கடைநிலை ஊழியராகவும் இருந்திருக்கிறார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸ், இயக்குநர் பீட்டர் ஹால் வழியாக லண்டன் மேடை, வானொலி, தொலைக்காட்சி என்று போன பாதை அந்தத் தலைமுறை நடிகர்கள் பலருக்கும் பொதுவானதுதான். அவரிடம் தனியாக இருந்தது ஒரு குறை. வேடமில்லாமல், தானாக, பார்வையாளர் முன்னால் நின்று நான்கு வார்த்தை பேச அவருக்கு வராது. ‘தி டூ ரோனிஸ்’ நிகழ்ச்சியில் கார்பெட் பெரிய நாற்காலியொன்றில் உட்கார்ந்து தன் பெயரிலேயே கதை சொல்வார். பார்க்கர் தனியாகக் கேமராவைப் பார்த்துப் பேசும் இடங்களைக் கவனியுங்கள். ஏதோ ஒரு சங்கத்தின் பிரதிநிதியாகவோ அமைச்சகத்தின் அதிகாரியாகவோ மட்டுமே வருவார்.

இனி புனைபெயருக்கு வருகிறேன். 1968-இல் தொடங்கி லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியில் டேவிட் ஃப்ராஸ்டின் ஞாயிறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோது, பார்க்கரின் முகவர் பீட்டர் ஈட் மூலமாக ஜெரால்ட் வைலி என்ற புதிய எழுத்தாளரின் காட்சிகள் வரத் தொடங்கின. ஆள் கூச்ச சுபாவம், நேரில் வரமாட்டார் என்று சொல்லப்பட்டது. காட்சிகள் நன்றாக இருந்தன, எடுத்துக்கொண்டார்கள். குழுவினர் கூடிப் பிரதியைப் படிக்கும்போது வைலியின் எழுத்தைக் குறை சொன்னவர்களில் பார்க்கரும் ஒருவர். வைலி உண்மையில் யார் என்ற பேச்சு பரவி, நாடகாசிரியர்கள் டாம் ஸ்டாப்பர்டாக இருக்கலாம், ஆலன் பென்னட்டாக இருக்கலாம், நோயல் கவர்டாகக்கூட இருக்கலாம் என்றெல்லாம் ஊகித்தார்கள். மருத்துவரின் காத்திருப்பு அறையில் நடக்கும் ஒரு வைலி காட்சி கார்பெட்டுக்கு மிகவும் பிடித்துப்போக, அதன் உரிமையை விலைக்குக் கேட்டார். முகவர் வழியாக வந்த விலை மிகப் பெரிதாக இருந்தது. அது அநியாய விலை என்று கார்பெட்டிடம் சொன்னவரும் பார்க்கரே. கடைசியில் வைலி மனமிரங்கி இலவசமாகவே கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. நெகிழ்ந்துபோன கார்பெட், ஜி. டபிள்யூ. என்று பொறித்த கண்ணாடிக் கோப்பைகளை வாங்கி வைலிக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

பிறகு ஒருநாள் ஒளிப்பதிவுக் கூடத்துக்கு எதிரிலிருந்த சீன உணவகத்துக்கு எல்லோரையும் வைலி விருந்துக்கு அழைத்திருந்தார். வந்தவர்கள் வாசலைப் பார்த்தபடி காத்திருக்க, பார்க்கர் எழுந்து நின்று ‘நான்தான் வைலி’ என்றார். யாரும் நம்பவில்லை.

இதை அடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடக்கமான மனிதர் தன் எழுத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். நிகழ்ச்சியின் நட்சத்திரமே எழுதிக் கொண்டுவந்தால் எந்தத் தயாரிப்பாளரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், சக நடிகர்கள் முகத்துக்காகச் சிரிப்பார்கள் என்பது பார்க்கருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மீதி என்ன தேறுகிறது என்று பார்க்க நினைத்தவர் அவர். அது தன் எழுத்தின் மீது பெருமதிப்பு வைத்திருப்பவர் செய்யும் காரியம், ஒருவகையில் கர்வமும்கூட. குட்டு உடைந்த பிறகும் அவர் பழக்கத்தை விடவில்லை. ஜோனதன் கொபால்ட், ஜாக் கெட்ஸ், பாப் ஃபெரிஸ் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. தானாக மேடையில் நிற்க முடியாதவருக்கு எழுதவும் ஒரு வேடம் தேவைப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

‘ஃபோர் கேண்டில்ஸ்’ 1976 செப்டம்பரில் ஒளிபரப்பானது. வைலி பெயரில் எழுதப்பட்டது. உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நான் அதை முதலில் கேட்கவில்லை, தாளில் அச்சாகியிருந்த வசனமாகப் படித்தேன். ஒரு வரிகூடச் சிரிப்பு வரவில்லை. அது காதுக்காக மட்டுமே எழுதப்பட்டது. இரும்புச் சாமான் கடைக்காரர் கார்பெட். தொழிலாளியின் உடையில் பட்டியலுடன் வருபவர் பார்க்கர். வாடிக்கையாளர் கேட்டது போலிருப்பது நான்கு மெழுகுவர்த்தி. கடைக்காரர் நான்கை எண்ணி எடுத்து வைக்கிறார். வந்தவர் கேட்டதோ தோட்டத்தில் மண்ணைப் புரட்டும் முட்கருவிக்கான மரப்பிடி, ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’. நாம் ஹோட்டலை ஓட்டல் ஆக்கியதுபோல லண்டன் உழைப்பாளிகளின் பேச்சிலும் ‘ஹ’ விழுந்துவிடும். விழுந்தால் ‘ஃபோர்க் ஆண்டில்ஸ்’. காதில் அது ‘ஃபோர் கேண்டில்ஸ்’. நம் அணியிலக்கணக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘பலகை’ என்பதை ஒரே சொல்லாகவும் ‘பல கை’ என்று பிரித்தும் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை. ஒரு ‘க்’ முன்சொல்லோடு சேர்கிறதா பின்சொல்லோடு சேர்கிறதா என்பதில்தான் பார்க்கரின் காட்சி நிற்கிறது.

ஆனால் சிலேடை மட்டும் என்றால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்து நடப்பதைப் பாருங்கள். வந்தவர் ‘ஓஸ்’ என்கிறார். விழுந்துபோன ‘ஹ’வைத் தானே சேர்த்துக்கொண்டு கடைக்காரர் களைக்கொத்தியைக் கொண்டுவருகிறார், இல்லை. ரப்பர் குழாயைக் கொண்டுவருகிறார், இல்லை. பெண்கள் அணியும் காலுறையைக் கொண்டுவருகிறார், அதுவும் இல்லை. கேட்டவருக்கு வேண்டியது ‘ஓ’ என்ற எழுத்து, வீட்டு வாசற்கதவில் ‘மோன் ரெபோ’ என்று பெயர் பொருத்துவதற்காக. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயருக்கு இரண்டு ‘ஓ’ வேண்டும். உயரக் குறைவான கார்பெட் ஏணி போட்டு மேலேறி எழுத்துப் பெட்டியை இறக்கி, இரண்டு ‘ஓ’ எடுத்துக் கொடுத்து, பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மேலே வைத்துவிட்டு இறங்கி வருகிறார். இப்போது வாடிக்கையாளர் கேட்கிறார்: ‘பீஸ் இருக்கிறதா?’ பெட்டி கீழே இருந்தபோதே சொல்லியிருக்கக் கூடாதா என்று எரிந்து விழுந்தபடி கார்பெட் மறுபடி ஏறி, பெட்டியை இறக்கி, எத்தனை ‘பி’ வேண்டும் என்று கேட்டால், வந்தவருக்கு வேண்டியது டின்னில் அடைத்த பட்டாணி, மூன்று டின். அந்த இடத்தில் சிரிப்பு சொல்லிலிருந்து நழுவி ஏணிக்குப் போய்விடுகிறது. வாடிக்கையாளர் வேண்டுமென்று குழப்புபவர் அல்ல, கடைக்காரர் முட்டாளும் அல்ல. இருவரும் நூறு சதவீதம் சரியாகப் பேசி, நூறு சதவீதம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பார்க்கர் தனக்கு எழுதிக்கொண்ட பாத்திரம் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்கும் மனிதர் என்பதையும், வெடிக்கும் வாய்ப்பு முழுவதையும் கார்பெட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் கவனித்தால், இதை எழுதியவர் ஒரு நடிகர் என்று யாருக்கும் தோன்றாது.

முடிவு பலவீனமானது. கடைக்காரர் வெறுத்துப்போய் உதவியாளரிடம் பட்டியலைத் தள்ளிவிட, அவர் அதைப் படித்துவிட்டு எந்த வகை வெட்டரிவாள் வேண்டும் என்று கேட்கிறார். அந்த ஆங்கிலச் சொல் கெட்ட வார்த்தை ஒன்றை ஒட்டி ஒலிக்கும், அவ்வளவுதான். பார்க்கருக்கே அந்த முடிவில் திருப்தி இருந்ததில்லை. ஆனாலும் 2006 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நடந்த நினைவு வழிபாட்டில், சிலுவையோடு வழக்கமாக ஏந்திச் செல்லும் இரண்டு மெழுகுவர்த்திகளுக்குப் பதிலாக நான்கை ஏந்திச் சென்றார்கள். அங்கிருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

திக்குவாய் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’ தொடரை எழுதியவர் ராய் கிளார்க். தான் நடித்த மளிகைக்கடைக்காரர் ஆர்க்ரைட்டுக்குத் திக்குவாயைக் கொடுத்தது பார்க்கர், நாடகக் குழு நாட்களில் தன்னோடு நடித்த கிளென் மெல்வின் என்ற நடிகரிடமிருந்து கற்றுக்கொண்டது. சொல் தடைபடும் அந்த இடைவெளியில் டேவிட் ஜேசன் நடித்த கடைப்பையன் கிரான்வில் முந்திக்கொண்டு ஒன்றைச் சொல்வதும், ஆர்க்ரைட் வேறொன்றில் முடிப்பதும் தாளக் கணக்கில் அபாரமானவை. தாளம் நன்றாக இருப்பதால் உறுத்தல் இல்லாமல் போய்விடாது. எனக்கும் அது உறுத்துகிறது. இன்று ஒருவர் அப்படி எழுதினால் நான் பாராட்டமாட்டேன்.

ஓய்வுக்குப் பின்னால் மர்மம் எதுவும் இல்லை. 1984-இல் ஏறக்குறைய ஆறு வார இடைவெளியில், நேரடி ஒளிபரப்பின் நடுவே மேடையில் விழுந்து நகைச்சுவை நடிகர் டாமி கூப்பரும், மேடையிலிருந்து இறங்கிய கையோடு சரிந்து இன்னொரு நகைச்சுவை நடிகர் எரிக் மோர்கம்பும் இறந்தார்கள். இருவருமே பார்க்கரின் தலைமுறை. அவருக்கும் இரத்த அழுத்தம் இருந்தது. இதற்கும் மேலாக அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம், எழுதப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பது. நடிகராக மட்டும் இருந்திருந்தால் பிறர் எழுதியதை வைத்து இன்னும் இருபது ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம். ‘தி டூ ரோனிஸ்’ ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்த நிகழ்ச்சி. 1987 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியோடு அதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு வந்த கடைசித் தொடரான ‘கிளாரன்ஸ்’, கண் சரியாகத் தெரியாத ஒரு சாமான் தூக்கும் தொழிலாளியைப் பற்றியது. அவரே எழுதியது, பாப் ஃபெரிஸ் என்ற பெயரில். சுமார் எனலாம். கிணறு வற்றியதை அவர் நம்மைவிடச் சரியாகவே கணித்திருக்கிறார்.

பிறகு சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் ‘தி எம்போரியம்’ என்ற பழம்பொருள் கடை. பழைய தபால் அட்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்தவருக்கு அது ஒன்றும் திடீர் ஆசை அல்ல. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2002-இல், ஆல்பர்ட் ஃபின்னி சர்ச்சிலாக நடித்த ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ படத்தில் சர்ச்சிலின் பணியாள் இன்ச்சஸாகச் சிறிய வேடமொன்றில் வந்தார். 2005 அக்டோபரில் காலமானார்.

அவரது நடிப்பை மட்டும் தனியாகப் பார்க்க விரும்பினால், டிக் கிளமென்டும் இயன் லா ஃப்ரெனேயும் எழுதிய சிறைத் தொடரான ‘பாரிட்ஜ்’ 1974-இல் தொடங்கியது. அதன் முதல் பருவத்தில் ‘எ நைட் இன்’ என்ற பகுதி இருக்கிறது. பூட்டிய அறை, ஒரு இரவு, பழைய கைதி ஃப்ளெட்சராகப் பார்க்கர், புதிய கைதி காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். ஏறக்குறைய வேறு எதுவும் இல்லை. அதில் சிலேடை தேடாதீர்கள். வெளியுலகை நினைத்துத் தூக்கம் வராத இளைஞனைப் பேச்சிலேயே காலை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் மனிதரின் குரல் எங்கே இறங்குகிறது என்று மட்டும் கேளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்