பழைய செய்தியை நீக்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் என்மீது கையாடல் வழக்கு பதிவாகி, பின்னர் நான் குற்றமற்றவன் என்று தீர்ப்பானது. இன்றும் என் பெயரைக் கூகுளில் தேடினால் கைதுச் செய்திதான் முதலில் வருகிறது. பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தால் ஒரே வாரத்தில் நீக்கிவிடுவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். தேடல் முடிவை நீக்கக் கோருவதற்குக் கூகுள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அந்த நிறுவனம் நிரப்பப்போகும் படிவத்தை நீங்களே நிரப்பலாம். இவர்களில் சிலர் இதைவிட மோசமான வேலையும் செய்கிறார்கள். செய்தியை நகலெடுத்து, பழைய தேதியிட்டு வேறொரு தளத்தில் ஏற்றி, அதுவே மூலம் என்று பொய்யான பதிப்புரிமைப் புகார் அனுப்புவார்கள். கூகுளுக்கு வரும் இத்தகைய புகார்களின் நகல்கள் லூமென் என்னும் பொதுத் தரவுத்தளத்துக்குச் செல்கின்றன என்பதால், மறைக்க முயன்ற செய்தியே மீண்டும் பேசுபொருளாகலாம்.

முதலில் செய்தியை வெளியிட்ட தளத்தின் ஆசிரியருக்குத் தீர்ப்பின் நகலை இணைத்து எழுதுங்கள். வழக்குப் போடுவேன் என்று மிரட்டாமல், விடுதலையான விவரத்தைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் சேர்க்கும்படியோ, பெயரை நீக்கும்படியோ கேளுங்கள். கைதைப் பெரிதாக வெளியிட்டவர்கள் விடுதலையை ஒரு வரியாகக்கூடப் போடாமல் விட்டதற்கு, குற்றமற்றவர் மனு எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனாலும் வழி அதுவே.

பக்கம் திருத்தப்பட்ட பிறகும் தேடலில் பழைய வாசகம் சில காலம் தெரியக்கூடும். இதற்கெனக் கூகுளில் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் படிவம் தனியாக உள்ளது. மூலப் பக்கம் உண்மையிலேயே மாறியிருந்தாலோ அழிந்திருந்தாலோ மட்டுமே அது பயன்படும். பக்கம் அப்படியே இருக்கும்போது விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும், அதைப் பலர் இறுதி முடிவு என்று எண்ணிக் கைவிட்டுவிடுகிறார்கள். பழைய வாசகத்தில் இருந்த, ஆனால் இப்போதைய பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். உங்கள் பெயர் பக்கத்தில் இன்னும் இருந்தால், அதை எழுதிப் பயனில்லை. அதே செய்தியை வேறு தளங்கள் எடுத்துப் போட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவும் தனித்தனியே செய்தாக வேண்டும்.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவரானால், 2014-ஆம் ஆண்டு அதன் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிப்படையில், உங்கள் பெயரைத் தேடும்போது அந்த முடிவு வராதபடி செய்யக் கோரலாம். செய்தி அதன் தளத்திலேயே இருக்கும்.

அந்த நிறுவனம் அடையாள அட்டை நகலையோ மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ கேட்டிருந்தால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிட்டு அதன்பின் ஆசிரியருக்கு எழுத உட்காருங்கள்.